அரசு நிதியில் மருத்துவம்: விவாதம் எதைப் பற்றியது?

நோய் ஒருநாள் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது வரும், என்ன நோயாக வரும், எவ்வளவு செலவை இழுத்துக்கொண்டு வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. நூறு பேரை எடுத்துக்கொண்டால், ஓர் ஆண்டில் அவர்களில் பெரும்பாலோர் சளி, காய்ச்சலைத் தவிர வேறு எதற்காகவும் மருத்துவரைப் பார்க்க நேராது. நான்கைந்து பேருக்கு மட்டும் புற்றுநோயோ, சிறுநீரகச் செயலிழப்போ, பெரிய விபத்தோ நேரும். அந்த நான்கைந்து பேருக்கு ஆகும் செலவு மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஆகும் செலவுக்கு ஈடாக இருக்கும். இது மிகைப்படுத்திச் சொன்னதன்று. அமெரிக்காவின் கணக்குகளின்படி, மக்களில் 5 விழுக்காட்டினரே மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணமாக இருக்கிறார்கள். மருத்துவச் செலவை அரசு ஏற்க வேண்டுமா என்ற நெடிய விவாதத்தின் வேர் இந்தச் சமமின்மையில்தான் இருக்கிறது.

வாடகையையும் உணவுச் செலவையும் முன்கூட்டியே கணக்கிட்டு ஒதுக்கிவைக்கலாம். மருத்துவச் செலவை அப்படி ஒதுக்கிவைக்க முடியாது. எல்லாக் குடும்பங்களும் மிகப் பெரிய நோய்க்குத் தேவையான தொகையைத் தனித்தனியே சேமிக்க முயன்றால், பெரும்பாலான குடும்பங்கள் தேவையே இல்லாமல் வாழ்நாள் முழுதும் வயிற்றைக் கட்டியிருக்கும். நோய் வந்த குடும்பத்துக்கோ அந்தச் சேமிப்பும் போதாமல் போகும். ஆகவே பலர் சிறிது சிறிதாகப் பணம் போட்டு, யாருக்குத் தேவை வருகிறதோ அவருக்கு அதிலிருந்து கொடுக்கும் தொகுப்பு முறையே பயன் தரும். இதை யாரும் மறுப்பதில்லை. தனியார் காப்பீடு என்பதும் இதே தொகுப்புதான். அந்தத் தொகுப்பில் சேருவது அவரவர் விருப்பமா, கட்டாயமா என்பதும், ஒருவர் செலுத்தும் பங்கை நோய் வரும் வாய்ப்பைப் பார்த்து வகுப்பதா, வருமானத்தைப் பார்த்து வகுப்பதா என்பதும்தான் தகராறு.

விருப்பம் இருப்பவர் மட்டும் சேரட்டும் என்பது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் அதிலுள்ள சிக்கல் புலப்படும். நூறு பேர் கொண்ட தொகுப்பில் 95 பேருக்கு ஆண்டுக்குத் தலைக்கு 100 நாணயமும், 5 பேருக்குத் தலைக்கு 10,000 நாணயமும் செலவாகிறது என்று கொள்வோம். மொத்தச் செலவு 59,500. ஆளுக்கு 595 நாணயம் செலுத்தினால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் தன் உடல்நிலை குறித்து ஒவ்வொருவருக்கும் காப்பீட்டு நிறுவனத்தைவிடச் சற்று அதிகமாகவே தெரியும். இளையவர்கள், உறுதியான உடல் உள்ளவர்கள் 50 பேர், 100 நாணயச் செலவுக்கு 595 ஏன் கட்ட வேண்டும் என்று விலகிவிடுகிறார்கள். மீதியுள்ள 50 பேருக்கான செலவு 54,500. இப்போது ஆளுக்கு 1,090 ஆகிறது. இந்த உயர்வைக் கண்டு இன்னும் 30 பேர் விலகினால், எஞ்சும் 20 பேர் ஆளுக்கு 2,575 கட்ட வேண்டும். கட்டணம் ஏற ஏற நலமாக இருப்பவர்கள் வெளியேறுகிறார்கள். அவர்கள் வெளியேற வெளியேறக் கட்டணம் மேலும் ஏறுகிறது. கடைசியில், யாருக்கு உதவுவதற்காகத் தொகுப்பு தொடங்கப்பட்டதோ அவர்களால் கட்ட முடியாத தொகையில் போய் அது நிற்கிறது.

பொருளியலில் இதைப் பாதகத் தேர்வு என்பார்கள். பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரையில், பழைய கார்ச் சந்தை ஏன் சீர்கெடுகிறது என்று விளக்கியபோது, முதியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது ஏன் கடினமாக இருக்கிறது என்பதையும் அதே தருக்கத்தால் விளக்கினார். இந்தச் சுழலில் சிக்காமல் இருக்கத் தனியார் நிறுவனங்கள் கையாளும் வழிகள் நமக்குப் பழக்கமானவை: ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பணம் தரமாட்டோம் என்பது, வயது கூடக் கூடப் பிரீமியத்தை உயர்த்துவது, சேர்ப்பதற்கு முன்பே உடல் பரிசோதனை கேட்பது. அவற்றைக் கொடுமை என்று மட்டும் பார்ப்பது சரியாகாது. விருப்பத்தின்பேரில் இயங்கும் தொகுப்பு உடைந்து போகாமல் இருக்க அவை தேவைப்படுகின்றன. ஆனால் அவற்றின் விளைவு, மிகவும் தேவைப்படுபவர் வாசலுக்கு வெளியே நிற்பதாக முடிகிறது.

எல்லோரையும் உள்ளே கொண்டுவர வேண்டுமானால் ஏதோ ஒரு வகையில் கட்டாயம் வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டாயம் எந்த வடிவில் வரலாம் என்பதில் நாடுகள் வெவ்வேறு பாதைகளில் சென்றிருக்கின்றன. ஜெர்மனியில் பிஸ்மார்க்கின் அரசு 1883இல் தொழிலாளர்களுக்கான நோய்க் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் செலுத்த, அரசு தானே மருத்துவமனை நடத்தாமல், நோய்நிதி அமைப்புகள் வழியாகப் பணம் சென்றது. சோசலிசக் கட்சியின் வளர்ச்சியைத் தடுக்க நினைத்த ஒரு பழமைவாதத் தலைவர்தான் இதைத் தொடங்கினார் என்பது, இந்த விவாதத்தை இடதுசாரி, வலதுசாரி என்ற இரண்டு பெட்டிகளுக்குள் அடைக்கப் பார்ப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. பிரிட்டனில் சமூகப் பாதுகாப்பு குறித்து 1942இல் வெளியான பெவரிஜ் அறிக்கையைத் தொடர்ந்து, 1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. அங்கே வரிப் பணத்திலிருந்து நிதி வந்தது. பெரும்பாலான மருத்துவமனைகளும் அரசின் உடைமையாயின. ஜப்பான் 1961இல் எல்லோரையும் ஏதேனும் ஒரு காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. தைவான் 1995இல் பல திட்டங்களை ஒன்றாக்கி, நாடு முழுமைக்கும் ஒரே காப்பீட்டாளர் என்ற முறைக்கு மாறியது. சுவிட்சர்லாந்திலோ 1996 முதல் ஒவ்வொருவரும் அடிப்படைக் காப்பீட்டை வாங்கியே தீர வேண்டும். அதை விற்பவை அரசு சாராத நிறுவனங்கள்; ஆனால் யார் விண்ணப்பித்தாலும் அவருடைய நோயைக் காட்டி மறுக்க அவற்றுக்கு உரிமையில்லை.

இந்த வேறுபாடுகளைப் பார்க்கும்போது, பேச்சில் ஓயாமல் ஒன்றாகக் கலக்கப்படும் இரண்டு செய்திகளைப் பிரித்துவைப்பது நல்லது. பணத்தை யார் திரட்டுவது என்பது ஒன்று. மருத்துவத்தை யார் நடத்துவது என்பது வேறொன்று. அரசு நிதி என்றதும், அரசு மருத்துவமனை, அரசு ஊழியரான மருத்துவர், நீண்ட வரிசை என்ற ஒரே காட்சி பலருடைய மனத்தில் எழுகிறது. உண்மையில் பிரிட்டனிலேயே குடும்ப மருத்துவர்களில் பெரும்பாலோர் தொடக்கம் முதல் அரசு ஊழியர்களாக இல்லாமல், ஒப்பந்த அடிப்படையில் தம் நிலையங்களை நடத்திவந்தவர்கள். இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நடந்தது. 1962 ஜூலை 1ஆம் நாள் அங்கே மருத்துவர் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே மாகாண மருத்துவர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தாங்கள் அரசின் ஏவலாளர்களாகிவிடுவோம், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை அதிகாரிகள் முடிவு செய்வார்கள் என்பது அவர்களுடைய அச்சம். அது பொய்யான அச்சமன்று. தொழில்முறைச் சுதந்திரம் நோயாளிக்கும் தேவையான ஒன்றுதான். 23 நாட்களுக்குப் பின் உடன்பாடு ஏற்பட்டது. திட்டம் நிலைத்தது, மருத்துவர்கள் தனித்தொழில் செய்பவர்களாகவே தொடர்ந்தார்கள், அவர்கள் அனுப்பும் ரசீதுக்கு அரசு பணம் கொடுத்தது. சில ஆண்டுகளில் இந்த முறை கனடா முழுவதும் பரவியது.

சந்தையிடமே விட்டுவிட்டால் போட்டியால் விலை குறையாதா என்ற கேள்வி இங்கே எழும். பெரும்பாலான பொருள்களுக்கு அது பொருந்தும். மருத்துவத்தில் அது ஏன் முழுமையாகப் பொருந்தாது என்பதைப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். உடல்நலப் பொருளியல் என்ற துறையே பெரும்பாலும் அதிலிருந்து கிளைத்தது எனலாம். செருப்பு வாங்கப் போகிறவருக்குத் தன் கால் அளவு தெரியும். பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவார்; வாங்காமலும் திரும்பலாம். நெஞ்சுவலியோடு போகிறவருக்குத் தனக்கு என்ன தேவை என்பதே தெரியாது. எதை வாங்க வேண்டும், எவ்வளவு வாங்க வேண்டும் என்பதை விற்பவரே சொல்கிறார். விலை விசாரிக்க நேரமில்லை. சில வேளைகளில் நினைவும் இருப்பதில்லை. வாங்கிய பிறகும் அது நல்ல சரக்கா என்று கணிப்பது எளிதன்று, ஏனென்றால் சரியான சிகிச்சை பெற்றும் சிலர் இறக்கிறார்கள், தவறான சிகிச்சை பெற்றும் சிலர் பிழைக்கிறார்கள். தொற்றுநோய்களில் இன்னொரு கூறும் சேர்கிறது: ஒருவர் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அதன் பயன் பக்கத்து வீட்டாருக்கும் போய்ச் சேர்கிறது. பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980இல் அறிவிக்க முடிந்ததற்குக் காரணம், உலகெங்கும் பொதுப் பணத்தில் நடந்த தடுப்பூசிப் பணியும் நோய்க் கண்காணிப்புமே.

மறுதரப்பின் வாதங்களில் மிகவும் கனமானதை இனிப் பார்ப்போம். செலவைப் பிறர் ஏற்கும்போது மனிதர்கள் தேவைக்கு மேல் பயன்படுத்துவார்கள் என்பது அது. இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1970களின் நடுவில் தொடங்கி 1982 வரை நடத்திய ஆய்வில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெவ்வேறு காப்பீட்டுத் திட்டங்களில் குலுக்கல் முறையில் சேர்க்கப்பட்டன. சிலருக்கு எல்லாமே இலவசம். சிலர் ஓர் உச்சவரம்பு வரை செலவில் பெரும்பகுதியைத் தாமே ஏற்க வேண்டும். தம் கையிலிருந்து மிக அதிகமாகக் கொடுக்க வேண்டியிருந்தவர்களுக்கான மருத்துவச் செலவு, இலவசத் திட்டத்தினரைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்தது. சராசரி மனிதரின் உடல்நிலையில் அதனால் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், கட்டணம் வைப்பதே சரி என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வு வேறு இரண்டையும் காட்டியது. கட்டணம் வந்தபோது மக்கள் தேவையற்ற சிகிச்சையை மட்டும் குறைத்துக்கொள்ளவில்லை. தேவையானதையும் ஏறத்தாழ அதே அளவில் குறைத்துக்கொண்டார்கள். எது வீண், எது இன்றியமையாதது என்று பிரித்தறியும் அறிவு நோயாளிக்கு இல்லை என்று ஆரோ சொன்னது இங்கே கண்கூடாகிறது. மேலும், ஏழைகளாகவும் தொடக்கத்திலேயே உடல்நலம் குன்றியும் இருந்தவர்களில், இலவசச் சிகிச்சை பெற்றவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் மேலும் நன்றாகக் கட்டுப்பட்டது.

மற்றொரு சான்று அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலிருந்து வருகிறது. வறியவர்களுக்கான அரசுக் காப்பீட்டில் 2008இல் ஏறத்தாழ 10,000 இடங்களே இருந்தன. கேட்டவர்களோ ஏறத்தாழ 90,000 பேர். ஆகவே குலுக்கல் நடந்தது. வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். காப்பீடு கிடைத்தவர்கள் மருத்துவரை அதிகமாகப் பார்த்தார்கள்; அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் அதிகமாகவே போனார்கள். காப்பீடு வந்தால் அவசரப் பிரிவில் கூட்டம் குறையும் என்று ஆதரவாளர்கள் பலர் சொல்லிவந்தது அங்கே பொய்த்தது. இரண்டு ஆண்டுகளில் இரத்த அழுத்தத்திலும் கொழுப்பு அளவிலும் புள்ளியியல் நோக்கில் உறுதியாகச் சொல்லத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை. ஆனால் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது. குடும்பத்தை முறித்துப்போடும் அளவிலான மருத்துவச் செலவு ஏறத்தாழ இல்லாமலே போனது. இந்த முடிவை ஒரு தரப்பு தோல்வி என்றும் மறுதரப்பு வெற்றி என்றும் வாசித்தன. என் வாசிப்பில், காப்பீட்டின் முதல் வேலை பணம் சார்ந்த பேரழிவிலிருந்து காப்பது. அதை அது செய்தது. உடல்நலம் காப்பீட்டால் மட்டும் வருவதில்லை. உணவு, வேலை, உறைவிடம், கிடைக்கும் சிகிச்சையின் தரம் ஆகியவையும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன.

அடுத்த குற்றச்சாட்டு காத்திருப்பு. இதை மழுப்ப முடியாது. இங்கிலாந்தில் திட்டமிட்ட சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 2022இல் 70 லட்சத்தைத் தாண்டியது. நோயாளிகளில் 92 விழுக்காட்டினருக்காவது 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே எட்டப்படாமல் இருந்தது. கனடாவில், அரசுத் திட்டம் தரும் சேவைகளுக்குத் தனியார் காப்பீடு வாங்கக் கூடாது என்ற கியூபெக் மாகாணச் சட்டம், நீண்ட காத்திருப்பைச் சுட்டிக்காட்டித் தொடரப்பட்ட வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தால் 2005இல் செல்லாததாக்கப்பட்டது. இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சைக்காக மாதக்கணக்கில் வலியோடு காத்திருக்கும் ஒரு முதியவரிடம், உங்களுக்கு இது இலவசம் என்று சொல்வதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் காத்திருப்பு அரசு நிதியோடு கூடவே பிறப்பது என்று முடிவு கட்டுவதும் பிழை. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் எல்லோருக்கும் காப்பீடு உண்டு. இங்கிலாந்தைப் போன்ற நெடிய பட்டியல்கள் அங்கே இல்லை. எத்தனை படுக்கைகள், எத்தனை மருத்துவர்கள், எவ்வளவு நிதி ஒதுக்கீடு என்பவையே வரிசையின் நீளத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. வரிப் பணத்தையே முற்றிலும் நம்பியிருக்கும் முறையில் ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையும் மருத்துவமனையைத் தொடுகிறது என்பது அம்முறையின் உண்மையான பலவீனம்.

இதிலிருந்து விவாதத்தின் மையத்துக்கு வருகிறோம். எந்த நாட்டாலும் எல்லோருக்கும் எல்லாச் சிகிச்சையையும் உடனே கொடுக்க இயலாது; எங்கோ ஓரிடத்தில் யாருக்கோ இல்லை என்று சொல்லப்படுகிறது. அந்த ‘இல்லை’யைப் பணப்பை சொல்லலாம், வரிசை சொல்லலாம், எழுதிவைத்த விதியும் சொல்லலாம். பணப்பை சொல்லும்போது அது யார் காதிலும் விழுவதில்லை. பணமில்லாதவர் மருத்துவமனைக்கே வராமல் வீட்டில் இருந்துவிடுகிறார், எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் ஏறுவதில்லை. ஆகவே காத்திருப்போர் எண்ணிக்கையை மட்டும் வைத்து இரு முறைகளை ஒப்பிடுவது நேர்மையாகாது. விதி சொல்லும் ‘இல்லை’க்கு இங்கிலாந்தில் 1999இல் நிறுவப்பட்ட நைஸ் என்ற அமைப்பு எடுத்துக்காட்டு. ஒரு புதிய மருந்து, நல்ல உடல்நிலையோடு கூடிய ஓர் ஆண்டு ஆயுளை எவ்வளவு செலவில் தருகிறது என்று அது கணக்கிடுகிறது. அந்தச் செலவு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்பது நெடுங்காலம் அதன் எல்லைக்கோடாக இருந்தது. உயிருக்கு விலை வைக்கிறார்கள் என்று இதைப் பலர் கண்டித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஒரு மருந்துக்குப் போகும் பணம் வேறொருவரின் சிகிச்சையிலிருந்து எடுக்கப்படும் பணம்தான். எனவே கணக்கும் காரணமும் பொதுவெளியில் வைக்கப்பட்டு, நோயாளிகள் முறையிடவும் எதிர்வாதம் செய்யவும் இடமுள்ள ஒரு விதியையே, வாய்திறவாமல் விலக்கும் பணப்பையைக் காட்டிலும் நான் ஏற்பேன்.

அரசு நிதி வந்தால் செலவு கட்டுமீறிப் போகும் என்ற அச்சத்துக்கு, செல்வந்த நாடுகளின் கணக்கு வேறு விடை தருகிறது. தனியார் காப்பீட்டைப் பெரிதும் சார்ந்துள்ள அமெரிக்கா, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. எல்லோருக்கும் காப்பீடு அளிக்கும் பிற செல்வந்த நாடுகள் பலவற்றில் இது 10 முதல் 12 விழுக்காடு வரை. அவ்வளவு செலவிட்டும் அமெரிக்காவில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோருக்குக் காப்பீடே இல்லை. அமெரிக்காவை அரசு நிதியே இல்லாத நாடு என்று எண்ணிவிடவும் கூடாது: 1965இல் சட்டமாக்கப்பட்ட மெடிகேர் முதியவர்களுக்கும், மெடிகெய்ட் வறியவர்களுக்கும் அரசுப் பணத்தில் இயங்குகின்றன. வேறுபாடு பெரும்பாலும் விலையில் இருக்கிறது. அமெரிக்கர்கள் மற்றவர்களைவிட அடிக்கடி மருத்துவரிடம் போவதில்லை. அதே மருந்துக்கும் அதே அறுவைச் சிகிச்சைக்கும் அதிகமாகக் கொடுக்கிறார்கள். நாடு முழுமைக்கும் ஒருவரே பணம் கொடுப்பவராக இருக்கும்போது விலை பேசும் வலிமை கூடுகிறது. பல நூறு காப்பீட்டுத் திட்டங்களின் கிளெய்ம் தாள்களைக் கையாளும் அலுவலகச் செலவும் குறைகிறது. அந்த உயர்ந்த விலைதான் புதிய மருந்துகளைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கு ஊக்கம் தருகிறது என்ற எதிர்வாதமும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது; ஆனால் அடிப்படை ஆராய்ச்சியின் பெரும்பகுதி அங்கும் பொதுப் பணத்தில் நடப்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

செல்வந்த நாடுகளுக்குத்தான் இது கட்டுபடியாகும் என்பதற்குத் தாய்லாந்து மறுமொழியாக நிற்கிறது. சம்பளத்தில் பிடித்தம் செய்யும் ஜெர்மானிய முறை, மாதச் சம்பளமே இல்லாத உழவர்களும் சிறு வணிகர்களும் நிறைந்த நாட்டில் நடக்காது. ஆகவே 2002இல் தாய்லாந்து, வேறு காப்பீடு இல்லாத நான்கு கோடிக்கும் மேற்பட்டோரை வரிப் பணத்தில் இயங்கும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஒருமுறை மருத்துவமனைக்குச் சென்றால் 30 பாட் மட்டும் கட்டணம். புறநோயாளிச் சிகிச்சையில், செய்த ஒவ்வொரு சிகிச்சைக்கும் பணம் தராமல், பதிவு செய்துகொண்ட ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவமனைக்கு ஆண்டுத் தொகை தரப்பட்டது. செலவு கைமீறாமல் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். சிகிச்சைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் தேவையற்ற சோதனைகள் பெருகும்; தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் தேவையானதையும் குறைத்துவிடும் ஆசை வரும். பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதைப் போலவே, மருத்துவமனையின் கைக்கு அது எந்த வழியில் போய்ச் சேருகிறது என்பதும் முடிவுகளை மாற்றுகிறது. விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி இதுவே.

அரசு நிதியை ஏற்றுக்கொண்ட நாடுகளிலும் விவாதம் முடிந்துவிடுவதில்லை. தொகுப்புக்குள் எது வரும், எது வராது என்ற வேறு கேள்விக்கு அது நகர்ந்துவிடுகிறது. பிரிட்டனில் சேவை தொடங்கி மூன்றே ஆண்டுகளில், 1951இல், பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவு செய்தது. அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அனூரின் பெவன் அதை எதிர்த்துப் பதவி விலகினார். அடுத்த ஆண்டில் மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் வந்தது. மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்த கனடாவில், மருத்துவமனைச் செலவை அரசு ஏற்கலாமா என்று இன்று பெரிய கட்சி எதுவும் கேட்பதில்லை. அங்கே பல் சிகிச்சையும், மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்துகளும் பல பத்தாண்டுகளாகத் தேசியத் திட்டத்துக்கு வெளியே நின்றன. சஸ்காச்சுவான் வேலைநிறுத்தம் நடந்து 62 ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதத்தில்தான், தனியார் காப்பீடு இல்லாத முதியவர்கள் கூட்டாட்சி அரசின் செலவில் பல் மருத்துவரின் நாற்காலியில் அமரத் தொடங்கினார்கள்.